பாஸ் செய்யும்போது வரும் சத்தம்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாகச் சீட்டுக்கட்டு மாயவித்தையில் வரும் பாஸ் பழகுகிறேன், தினமும் இருநூறு முறை. கண்ணாடியில் சரியாகத்தான் தெரிகிறது. போன ஞாயிறு மாலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நண்பர்களுக்குச் செய்துகாட்டியபோது ‘சரக்’கென்று சத்தம் வந்தது. வலப்பக்கம் நின்றவன் “நடுவுல ஏதோ மாத்துற” என்று சொல்லிவிட்டான். வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

க., முத்தியால்பேட்டை

அன்புள்ள க.,

கூட்டாதீர்கள். சீட்டுகளின் ஓரம் உரசுவதால்தான் சத்தம் வருகிறது. வேகம் கூடினால் உரசலும் கூடும்.

பாஸ் தெரியாத வாசகர்களுக்காக: பார்வையாளர் எடுத்த சீட்டைக் கீழ்ப்பாதியின் மேல் வைத்து, அதன்மேல் இடது சுண்டுவிரல் நுனியை நுழைத்து, மேல்பாதியால் மூடுகிறோம். பிறகு இரு பாதிகளையும் யாருக்கும் தெரியாமல் இடம் மாற்றினால் அந்தச் சீட்டு உச்சிக்கு வந்துவிடும்.

வலது கை சீட்டுக்கட்டை மேலிருந்து மூடியிருக்கும். கட்டைவிரல் நம் பக்க முனையில், நடுவிரலும் மோதிரவிரலும் எதிர்முனையில். இவை பிடிக்க வேண்டியது கீழ்ப்பாதியை மட்டுமே. மேல்பாதி இடது கையின் பொறுப்பு: அடியில் சுண்டுவிரல், மேலே மற்ற மூன்று விரல்கள். வலது விரல்கள் மேல்பாதியின் முனையையும் சேர்த்து இறுக்கினால் ‘சரக்’ நிச்சயம். முதலில் இதைச் சோதியுங்கள்.

அடுத்தது, கீழ்ப்பாதி நிமிரும் அளவு. அதன் இடது ஓரம் இடது கட்டைவிரல் கவட்டில் அழுந்தியிருக்க, வலது ஓரம் பெட்டி மூடிபோல் எழ வேண்டும். அப்போது இடது விரல்கள் நீண்டு, மேல்பாதியை வலப்பக்கம் இழுத்து, கீழே இறக்கி மூடும். ஓரங்கள் விலகுமுன் இழுத்தால் உரசும். விலகிய பின்னும் நிமிர்த்திக்கொண்டே இருந்தால் வலது கை துள்ளும். உங்கள் நண்பர் கண்டது பெரும்பாலும் அந்தத் துள்ளலைத்தான்.

இரண்டு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். 26 சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு எண்ணிக்கையில் செய்யுங்கள்: பிடி, நிமிர்த்து, இழு, மூடு. வலது புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அது விழாமல் தொடர்ந்து பத்து முறை வந்தபின் 52 சீட்டுக்குப் போகலாம். இருநூறு முறை அதிகம். கை அசந்தபின் செய்வதெல்லாம் தப்பைத்தான் பழக்கும். நாற்பது போதும், ஆனால் ஒவ்வொன்றையும் காதால் கேளுங்கள்.

கண்ணாடியை நம்ப வேண்டாம். பாஸ் நடக்கும் அந்தக் கணத்தில் நம் கண் நம்மை அறியாமலே இமைத்துவிடும்; பிழை தெரியாது. செல்போனில் படம் பிடியுங்கள், முன்னாலிருந்தும், வலப்பக்கமிருந்தும், முழங்கால் உயரத்திலிருந்தும். மேல்பாதி வலப்பக்கமாக வெளியே வருவதால் அங்கே நிற்பவருக்கும், தாழ உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரிந்துவிடும். கடற்கரைச் சாலையில் பாறைமேல் உட்கார்ந்திருப்பவர் முன் நின்றுகொண்டு செய்யவே கூடாது.

கடற்காற்றும் ஒரு காரணம். காகிதச் சீட்டு ஈரத்தை உறிஞ்சி உப்பும், வழுக்காது. சீட்டுக்கட்டை அதன் பெட்டியில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். பவுடர் போடாதீர்கள், வியர்வையில் குழைந்து சீட்டில் ஒட்டும்.

இன்னொன்று. சீட்டை உள்ளே வைத்ததும் பாஸ் செய்யாதீர்கள், எல்லோரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டைச் சற்றுத் தாழ்த்தி, சீட்டு எடுத்தவர் முகத்தைப் பார்த்து, “சீட்டு ஞாபகம் இருக்கா?” என்று கேளுங்கள். அவர் நிமிர்ந்து பதில் சொல்ல வாயெடுக்கும்போது செய்யுங்கள்.