எந்த ஔவை? எந்த வேதநாயகம்?

கேள்வி: அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கி உண்ட ஔவையார்தான் ஆத்திசூடியும் பாடினார் என்று என் மகள் தேர்வில் எழுதியிருக்கிறாள். சரியா? (வாசகி, தருமபுரி)

பதில்: சரியில்லை. நெல்லிக்கனி பெற்றவர் சங்கப் புலவர். அவர் பெயரில் 59 பாட்டுகள் உள்ளன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. நெல்லிக்கனிப் பாட்டு புறநானூறு 91. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி நான்கையும் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர்.

இதற்கு வெளியே சான்று தேட வேண்டாம், நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. நல்வழியின் 40-ஆம் வெண்பாவை எடுத்துப் பாருங்கள்: ‘தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும் முனிமொழியும் கோவை திருவாசகமும் திருமூலர் சொல்லும் ஒருவாசகம் என்றுணர்.’ மூவர் தமிழ் என்றால் தேவாரம். கோவையும் திருவாசகமும் மாணிக்கவாசகருடையவை. இவற்றையெல்லாம் பெயர் சொல்லிப் பாட வேண்டுமானால் இவை எல்லாம் தோன்றிய பிறகுதானே பாடியிருக்க முடியும்? அதியமான் அவையில் இருந்த ஔவைக்கு அது வாய்க்காது.

வாழ்க்கை முறையும் வேறு. அதியமான் இறந்தபோது சங்க ஔவை பாடியது புறநானூறு 235. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட, தானும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறார். எலும்பும் கறியுமாகக் கிடைக்கும் இடமெல்லாம் எனக்குத் தருவான் என்கிறார். கொன்றைவேந்தனோ ‘நோன்பு என்பதுவே கொன்று தின்னாமை’ என்கிறது. இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து ஆள் வேறு என்று முடிவு கட்டக் கூடாது. நல்வழி வெண்பாவோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு வலு.

ஔவை என்பது தாய், மூதாட்டி என்ற பொருளில் மதிப்போடு அழைக்கும் சொல். அதனால்தான் அந்தப் பெயர் பலருக்கும் பொருந்தியது. யோகம் பேசும் ஔவைக்குறளின் ஆசிரியரை இன்னொருவராகக் கொள்வாரும் உண்டு. மகளை ‘சங்ககால ஔவையார்’, ‘நீதிநூல் ஔவையார்’ என்று பிரித்து எழுதப் பழக்குங்கள்.

கேள்வி: கபிலருக்கும் நக்கீரருக்கும் இதே சிக்கல் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் என்று மூவரும் வருகிறார்கள். அங்கே கபிலதேவர் மூத்த பிள்ளையாரையும், அதாவது விநாயகரையும், பாடுகிறார். குறிஞ்சிப்பாட்டு பாடிய, பாரியின் நண்பரான கபிலரின் பாட்டுகளில் பிள்ளையார் வழிபாட்டைப் பார்க்க முடியாது. பெயரில் ‘தேவ நாயனார்’ என்று வந்தால் சங்க நூலில் தேடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் வேதநாயகம் என்ற பெயரில் வரும் நூல்களை வகைப்படுத்துகிறேன். சாஸ்திரியாரும் பிள்ளையும் ஒருவரா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: இருவர். மூன்றாமவரும் இருக்கிறார், அவரையும் சொல்லிவிடுகிறோம்.

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து தஞ்சாவூரில் வாழ்ந்தார். பெத்லகேம் குறவஞ்சி இவருடையது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சி பக்கத்துக் குளத்தூரில் பிறந்து மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்தவர். 1879-இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரமும், சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் இவருடையவை.

குழப்பம் வருவது கீர்த்தனைகளால்தான். இருவரும் கிறிஸ்தவர், இருவரும் கீர்த்தனை எழுதினார்கள், 38 ஆண்டுகள் ஒரே காலத்தில் உயிரோடும் இருந்தார்கள். சாஸ்திரியார் லுத்தரன் சபை, பிள்ளை கத்தோலிக்கர். நூலின் அட்டையில் ‘வேதநாயகம்’ என்று மட்டும் இருந்தால், பாடல் எந்தச் சபையில் வழங்குகிறது என்று பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாமவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). 1912-இல் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பிள்ளையும் ‘சாமுவேல் வேதநாயகம்’ என்று எழுதப்படுவதால் பெயர் முன்பின்னாக மாறி நூலகப் பட்டியல் அட்டைகள் கலந்துவிடும். பேராயரை ‘அசரியா’ என்ற பெயரில் வையுங்கள். மற்ற இருவரையும் ‘வேதநாயகம் சாஸ்திரியார், தஞ்சை, 1774–1864’, ‘வேதநாயகம் பிள்ளை, மாயூரம், 1826–1889’ என்று ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். நூற்றாண்டை மட்டும் குறித்தால் போதாது, இருவருக்கும் ‘19’ என்றே வந்து நிற்கும்.

கேள்வி: 1885 பம்பாய் காங்கிரஸில் பேசிய சுப்பிரமணிய ஐயர் நீதிபதியா, பத்திரிகையாளரா? (வாசகர், சென்னை)

பதில்: அந்த மாநாட்டுக்கு இருவருமே போனார்கள். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916), தி இந்துவையும் சுதேசமித்திரனையும் தொடங்கியவர். எஸ். சுப்பிரமணிய ஐயர் (1842–1924) சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பின்னாளில் ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கத்தில் நின்று சர் பட்டத்தைத் துறந்தவர். மணி ஐயர் என்றும் இவரைச் சொல்வார்கள். முதலெழுத்தை விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகளில்தான் இந்தத் தவறு நேர்கிறது. ‘ஜி.’யையும் ‘எஸ்.’ஸையும் அவற்றுக்கு ஈடான தமிழ் முதலெழுத்தாக மாற்றாதீர்கள், பழைய இதழ்களில் தேடும்போது கிடைக்காமல் போய்விடும்.