மேக்பெத்: கொலை நடந்த அறைக்கு வெளியே

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் 2ஆம் அங்கம், 2ஆம் காட்சியைத் திறனாய்வு செய்யச் சொல்கிறார்கள். குற்ற உணர்வு, பேராசை என்று கருப்பொருள்களை எழுதினாலும் “கதைதான் சொல்லியிருக்கிறாய்” என்று விடைத்தாள் திரும்பி வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: கருப்பொருளிலிருந்து தொடங்குவதுதான் சிக்கல். ‘குற்ற உணர்வு’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், அதற்குச் சான்று தேடியே மீதிப் பத்தி கதையாகிவிடும். மேடையிலிருந்து தொடங்குங்கள். அரசன் டங்கனை மேக்பெத் கொல்வதை நாம் பார்ப்பதே இல்லை. அவன் மனைவி லேடி மேக்பெத்தோடு வெளியே காத்திருக்கிறோம். ஆந்தையின் அலறல், சில்வண்டு, கடைசியில் கதவு தட்டும் ஓசை என்று பயம் முழுக்கக் காது வழியாகவே வருகிறது.

அதனால் முதல் வாசிப்பு வாய்விட்டு இருக்கட்டும்; இருவராக வாசித்தால் இன்னும் நல்லது. கொலை முடிந்து வந்த மேக்பெத்திடம் லேடி மேக்பெத் கேட்கிறாள்: “நீங்கள் பேசவில்லையா?” “எப்போது?” “இப்போது.” “இறங்கி வந்தபோதா?” “ஆமாம்.” ஷேக்ஸ்பியரின் வழக்கமான பத்து அசை வரி இங்கே சில்லுசில்லாக உடைகிறது. பதற்றம் என்று யாரும் சொல்லவில்லை. வரியின் நீளமே சொல்லிவிடுகிறது. இதுதான் உத்தி.

இரண்டாம் வாசிப்பில் பென்சிலால் மூன்றை மட்டும் குறியுங்கள்: ஒன்று, ஓசைகள்; இரண்டு, கை–இரத்தம்–தண்ணீர்; மூன்று, வாயில் வராத சொற்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், மதிப்பெண் இருப்பதோ அங்கேதான். தாங்கள் செய்ததை இருவருமே கொலை என்று சொல்வதில்லை. ‘செயல்’ என்று மழுப்புகிறார்கள். ‘கொலை’ என்ற சொல் வருவது, தூக்கத்தில் கத்திய ஒருவனின் வாயிலும், “மேக்பெத் தூக்கத்தைக் கொல்கிறான்” என்ற குரலிலும்தான். ‘ஆமென்’ மேக்பெத்தின் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. டங்கனின் பெயரோ காட்சியின் கடைசி வரிவரை காத்திருக்கிறது: தட்டித் தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் எவ்வளவு நல்லது என்கிறான் மேக்பெத்.

இனி கருப்பொருளுக்கு வாருங்கள். மாதிரிக்கு ஒரு பத்தி: “கடல் முழுவதும் சேர்ந்தாலும் தன் கை கழுவப்படாது, கைதான் கடலைச் சிவப்பாக்கும் என்கிறான் மேக்பெத். ‘கொஞ்சம் தண்ணீர்’ போதும் என்கிறாள் அவள். அவனுடைய மிகைக் கற்பனையும் அவளுடைய வீட்டுப் பேச்சும் அடுத்தடுத்து மோதுவதால், ஒரே குற்றம் இருவருக்கும் வேறு வேறு அளவில் தெரிகிறது.” மேற்கோள் நாலைந்து சொல்லைத் தாண்ட வேண்டாம்.

இந்தத் ‘தண்ணீர்’ வரியை நாடக முரண் என்று எழுதுவது வழக்கம். அது முழுக்கச் சரியில்லை. நாடக முரணுக்குப் பார்வையாளருக்கு பாத்திரம் அறியாத உண்மை அந்தக் கணத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். 5ஆம் அங்கத்தில் அவள் தூக்கத்தில் கை கழுவப்போவது இப்போது நமக்குத் தெரியாது. பின்னால் வருவதை முன்பே கோடிகாட்டும் முன்னுணர்த்தல் என்று எழுதுங்கள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். தூங்கிய அரசன் தன் தந்தையைப் போலத் தெரிந்திராவிட்டால் தானே முடித்திருப்பேன் என்று காட்சித் தொடக்கத்திலேயே சொல்கிறாள். விரிசல் அங்கேயே விழுந்துவிட்டது.

கதவு தட்டலை மனப்பிரமை என்று எழுதுவோரும் உண்டு. முந்தைய காட்சியில் மேக்பெத் கண்முன் காற்றில் மிதந்த கத்திதான் பிரமை. இந்தக் காட்சியில் அவன் கையோடு கொண்டுவரும் கத்திகளும் நிஜம், தட்டலும் நிஜம். அடுத்த காட்சியில் கதவு திறந்ததும் உள்ளே வருபவர்கள் மேக்டஃப், லெனாக்ஸ் என்ற இரு பிரபுக்கள்.