கிராக்கன் மேல் மீன் பிடித்தவர்கள்

கேள்வி: புராணங்களிலும் பழங்கதைகளிலும் வரும் கடல் பூதங்களுக்கும் இன்றைய மிகைபுனைவு சாகசக் கதைகளில் வரும் கடல் பூதங்களுக்கும் என்ன வேறுபாடு? உங்கள் மனத்தில் நிற்பது எது?

என் மனத்தில் நிற்பது கிராக்கன். நார்வே நாட்டுக் கடலில் பிறந்த பூதம். வீடியோ கேம் விளையாடும் பத்து வயதுப் பிள்ளைக்கும் இன்று அதைத் தெரியும். கப்பலைச் சுற்றி வளைக்கும் கைகள், முறிந்து விழும் பாய்மரம், கடைசியில் கதாநாயகனின் வாள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி வளர்த்த மீனவர்களின் வாயில் கிராக்கன் இப்படி இருக்கவே இல்லை. அது கீழே கிடக்கிறது என்று தெரிந்தால், அதன் முதுகுக்கு நேர் மேலே படகை நிறுத்தி அவர்கள் மீன் பிடித்தார்கள். நீங்கள் கேட்ட வேறுபாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெர்கன் நகரின் பிஷப்பாக இருந்த எரிக் பொன்டொப்பிடான், நார்வேயின் இயற்கை வரலாற்றை 1752, 1753 ஆண்டுகளில் டேனிஷ் மொழியில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். கிராக்கனைப் பற்றி மீனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதை அதில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல வெயில் அடிக்கும் கோடை நாள். கரையிலிருந்து பல மைல் தள்ளிப் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். எண்பது, நூறு பாகம் இருக்க வேண்டிய இடம் அது. (இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், சுமார் ஆறடி. நம் மீனவர்களும் ஆழத்தை இப்படித்தான் சொல்கிறார்கள்.) ஆனால் முப்பது பாகத்திலேயே குண்டு தட்டிவிடுகிறது. சில நாள் இருபதிலேயே. தட்டியது தரை அல்ல என்று படகில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். அங்கேதான் காட் மீனும் லிங் மீனும் குவிந்து கிடக்கும். தூண்டிலை இறக்க இறக்க மீன் ஏறும்.

அப்போதும் ஆழம் பார்ப்பதை நிறுத்த மாட்டார்கள். கயிறு காட்டும் ஆழம் அப்படியே இருந்தால் கவலை இல்லை. குறைந்துகொண்டே வந்தால் அது மேலே வருகிறது என்று பொருள். உடனே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேகமாகத் துடுப்பு வலித்து விலகுவார்கள். குண்டு மறுபடி பழைய ஆழத்தைக் காட்டும் இடம் வந்ததும் துடுப்பைக் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை மைல் சுற்றளவுள்ள முதுகு நீருக்கு மேலே வரும். சிறு தீவுகளின் கூட்டம் போலத் தெரியும். சுற்றிலும் பாசி போல ஏதோ மிதக்கும். பிறகு பளபளக்கும் கொம்புகள் எழும்பும், சில பாய்மரம் அளவுக்கு உயரமாக. சற்று நேரம் அப்படி இருந்துவிட்டு மெல்ல இறங்கிவிடும். அது இறங்கும்போது உண்டாகும் நீர்ச்சுழிதான் ஆபத்து. அருகில் இருந்தால் படகை உள்ளே இழுத்துவிடும்.

இதில் துரத்தல் இல்லை. பகை இல்லை. அந்த விலங்குக்கு மேலே ஒரு படகு நிற்பதே தெரிந்ததாகத் தோன்றவில்லை. படகு நிறைய மீனோடு கரை சேர்ந்தவனைப் பார்த்து, "கிராக்கன் மேல் மீன் பிடித்திருப்பாய்" என்று சொல்லும் வழக்கமும் நார்வேயில் இருந்தது. பூதத்தின் பெயர் அங்கே நல்ல மீன்பாட்டைக் குறிக்கும் பெயராக இருந்திருக்கிறது.

பொன்டொப்பிடான் இன்னொரு சம்பவத்தையும் எழுதுகிறார். 1680 இல் ஆல்ஸ்டஹௌக் என்ற ஊர்ப் பக்கம், பாறைகளுக்கு நடுவே ஓடும் நீரில் ஒரு கிராக்கன் வந்து சிக்கிக்கொண்டதாம். விவரம் அறியாத இளங்குட்டியாக இருக்கலாம் என்கிறார். நீண்ட கைகள் கரையோர மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் மாட்டிக்கொள்ள, வெளியேற முடியாமல் அங்கேயே செத்து அழுகியது. ஊரே அந்த நாற்றத்தில் தவித்தது. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டியின் மேல்தான் இரக்கம் வருகிறது. வழி தவறி வந்து சாகும் ஒரு பூதத்தை இன்றைய சாகசக் கதைகள் எதிலும் நான் சந்தித்ததில்லை.

கிராக்கனுக்கு ஒரு மூதாதை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நார்வேயில் எழுதப்பட்ட ‘அரசனின் கண்ணாடி’ என்ற நூல் அதை ஹாஃப்கூஃபா என்று அழைக்கிறது. கடல் நீராவி என்பது போன்ற பொருள். அந்த நூலே கேள்வி பதில் வடிவில் அமைந்தது என்பதால் இந்தத் தளத்தில் அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மகன் கேட்கிறான், தந்தை பதில் சொல்கிறார். மற்றத் திமிங்கிலங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி வந்த தந்தை, இந்த ஒன்றிடம் வந்ததும் தயங்குகிறார். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். உலகக் கடல் முழுவதற்கும் இரண்டுதான் இருக்கும், அவை இனம் பெருக்குவதும் இல்லை, பெருக்கினால் கடலில் வேறு மீனே மிஞ்சாது என்று கணக்குப் போடுகிறார். அது இரை தேடும் விதத்தையும் விவரிக்கிறார். உண்டதைச் சிறிது ஏப்பமாக வெளியே விடும். அந்த வாடைக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும். திறந்த வாயை அசைக்காமல் காத்திருந்து, நிறைந்ததும் மூடிக்கொள்ளும்.

வெறும் கற்பனை என்றுதான் நானும் நீண்ட நாள் நினைத்திருந்தேன். 2011 தொடங்கி உயிரியலாளர்கள் ஒரு புதிய காட்சியைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் கூன்முதுகுத் திமிங்கிலங்களும், தாய்லாந்து வளைகுடாவில் பிரைட் திமிங்கிலங்களும், நீர்ப்பரப்பில் வாயை அகலத் திறந்தபடி அசையாமல் நிற்கின்றன. சிறு மீன்கள் அதை ஒதுங்கும் இடம் என்று எண்ணித் தாமாகவே உள்ளே போகின்றன. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் இதையும் பழைய ஹாஃப்கூஃபா வருணனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அசையாத வாய், தானாக வரும் மீன் எல்லாம் பொருந்துகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் படகில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்திருக்கிறார். பார்த்ததை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அச்சமும் உறவும் ஒன்றாக இருப்பது நார்வேக்கு மட்டும் உரியதல்ல. பட்டினப்பாலையில் பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் இருந்து, "சினைச் சுறவின் கோடு நட்டு மனைச் சேர்த்திய வல்லணங்கினான்" என்று பாட்டு சொல்வது போல வழிபடுகிறார்கள். சுறாவின் கொம்பை மணலில் நட்டு அதில் தெய்வம் உறைவதாக வணங்குகிறார்கள். மறுநாள் அதே சுறா உலவும் நீரில்தான் வலை வீச வேண்டும். வெல்லப்பட வேண்டிய எதிரியாக மட்டும் அதை நினைத்திருந்தால் அந்தக் கொம்பை நட்டு வணங்கி இருக்க மாட்டார்கள்.

பிறகு எப்படிக் கிராக்கன் கப்பலை நொறுக்கும் அரக்கனாக மாறியது? என் கணக்கில் அந்த மாற்றம் பிரான்சில் நடந்தது. பியர் டெனிஸ் த மோன்ஃபோர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1800களின் தொடக்கத்தில் மெல்லுடலிகளைப் பற்றி எழுதிய நூலில், பாய்மரக் கப்பல் ஒன்றை மலை போன்ற பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) கட்டிப்பிடித்திருக்கும் படத்தைப் போட்டார். சான் மாலோ நகரத் தேவாலயத்தில் மாலுமிகள் நேர்ந்துகொண்டு வைத்த ஓர் ஓவியம் அதற்கு மூலம். இன்று நாம் கிராக்கன் என்றதும் கண்ணில் வரும் உருவம் அந்தப் படத்தின் வழிவந்ததுதான். அதில் மீனவன் இல்லை, கயிறு இல்லை, ஆழம் பார்க்கும் கை இல்லை.

1861 நவம்பர் 30 அன்று டெனெரிஃப் தீவுக்கு அருகே அலெக்டோன் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் உண்மையான ராட்சதக் கணவாய் ஒன்றை நீர்மட்டத்தில் கண்டது. பீரங்கிக் குண்டு, எறியீட்டி எல்லாவற்றையும் பிரயோகித்தார்கள். கடைசியில் சுருக்குப் போட்டு இழுத்தபோது கயிறு மெத்தென்ற உடலை அறுத்துக்கொண்டு வர, வால் பகுதி மட்டும் கப்பலுக்கு வந்தது. அந்தச் செய்தி பரவிச் சில ஆண்டுகளில், 1870 இல், ழூல் வெர்னின் நீர்மூழ்கிக் கதை நூலாக வெளிவந்தது. அதில் கணவாய்க் கூட்டத்தோடு கோடரிச் சண்டை நடக்கிறது. அதையும் நான் விரும்பியே படித்தேன். சண்டை முடிந்ததும் கேப்டன் நீமோ, தன் தோழனை விழுங்கிய கடலைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். அந்தக் கண்ணீர் இருப்பதால் அந்தச் சண்டைக்கு எடை உண்டு. பின்னால் வந்தவர்கள் கோடரியை எடுத்துக்கொண்டார்கள், கண்ணீரை விட்டுவிட்டார்கள். 1981 இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் கிராக்கனைக் கிரேக்கப் புராணத்துக்குள்ளேயே கொண்டுபோய், பெர்சியூஸ் கொல்லும் கடல் மிருகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது. அதற்குப் பிறகு கட்டளை இட்டால் அவிழ்த்துவிடப்படும் காவல் நாய் போல ஆகிவிட்டது கிராக்கன். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். கணவாய் எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது குழம்பாகும். எங்கள் பக்கத்தில் ஸ்குவிட் ஊசிக்கணவாய், கட்டில்ஃபிஷ் ஓட்டுக்கணவாய், ஆக்டோபஸ் பேய்க்கணவாய். ஆச்சி கணவாய் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தலையைப் பிடித்து இழுத்ததும் குடலும் மைப் பையும் சேர்ந்து வரும். உடலுக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டு போன்ற ஊசியை உருவுவாள். பிறகு கைகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்தினால், கறுத்த சிறிய அலகு ஒன்று பிதுங்கி வெளியே வரும். "பார், கிளி மூக்கு" என்று என் உள்ளங்கையில் வைப்பாள். கைகளை விரலால் தடவிப் பார்த்தால் உறிஞ்சிகளின் விளிம்பில் உள்ள நுண்ணிய பற்கள் அரத்தைப் போல உரசும்.

டென்மார்க் விலங்கியலாளர் யாபெடஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப் 1857 இல் ராட்சதக் கணவாய்க்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அவரிடம் முக்கியச் சான்றாக இருந்ததும் இதே கிளி மூக்குதான், பல மடங்கு பெரிதாக. 1853 இல் டென்மார்க் கரையில் ஒதுங்கிய உடலை மீனவர்கள் தூண்டில் இரைக்காக வெட்டித் தீர்த்துவிட, அலகு மட்டும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த விலங்கைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது அதன் கண். ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் விட்டம், ஒரு கால்பந்தைவிடப் பெரியது. இவ்வளவு பெரிய கண் எதற்கு? 2012 இல் சுவீடன் ஆய்வாளர் டான்-எரிக் நில்சனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலம் கணவாயைத் தின்னக் கீழே இறங்கும்போது, வழியில் உள்ள சிற்றுயிர்கள் கலைந்து ஒளி விடும். அந்த மங்கிய ஒளி உருவத்தை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே காண அப்படிப்பட்ட கண் தேவை. அதாவது, கப்பல்களைத் தேடி அலையும் கண் அல்ல அது. தன்னைத் தின்ன வருபவனை இருட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கண். மிகைபுனைவு எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கண்ணின் பக்கம் நின்று ஓர் அத்தியாயமாவது எழுதிப் பாருங்கள். அல்லது, கயிற்றில் முப்பது பாகம் காட்டும்போது இன்னும் பத்து மீன் பிடிக்கலாமா, இப்போதே துடுப்பைப் போடலாமா என்று யோசிக்கும் மீனவனின் பக்கம் நின்று எழுதுங்கள். ஒரு வாளும் தேவைப்படாது.

உயிரோடு ஆழ்கடலில் இருக்கும் ராட்சதக் கணவாயை முதன்முதலில் படம் எடுத்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த சுனேமி குபோடெராவும் கியோய்ச்சி மோரியும். அவர்களும் மீனவர்கள் செய்ததையே செய்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து, ஒகசவாரா தீவுகளுக்கு அருகே இரை கட்டிய கயிற்றைக் கேமராவோடு இறக்கினார்கள். 2004 செப்டம்பர் 30 அன்று, சுமார் 900 மீட்டர் ஆழத்தில், கணவாய் வந்து இரையைப் பற்றியது. அதன் நீண்ட பற்றுக்கைகளில் ஒன்று தூண்டிலில் மாட்டிக்கொண்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடியது. கேமரா ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. கடைசியில் கை அறுந்து, கணவாய் இருட்டுக்குள் போய்விட்டது.

கயிற்றை மேலே இழுத்தபோது ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கை கூடவே வந்தது. அதன் உறிஞ்சிகள் அப்போதும் வேலை செய்தன. படகின் தளத்தைப் பற்றின. நீட்டிய விரல்களையும் பற்றின.