மொட்டை மாடியில் ஒரு கோடை: கேள்வி – பதில்

கே: இந்த மே மாதம் எங்கும் போகவில்லை. பிள்ளைகளோடு ஜவ்வரிசி வடாம் போடப்போகிறேன். போன வருடம் போட்டது, பொரித்தால் நடுவில் கடுக்கென்று இருந்தது. ஏன்?
– வாசகி, திருச்சி

ப: ஜவ்வரிசி முழுதாக வேகவில்லை. நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே இறக்கினால் பொரியாது, பல்லில் இடறும். 1 கப் மாவு ஜவ்வரிசியை 2 கப் தண்ணீரில் இரவே ஊறவையுங்கள். காலையில் 4 கப் தண்ணீர் கொதித்ததும் அதைச் சேர்த்து, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறுங்கள். கண்ணாடிபோல ஆக 15 முதல் 20 நிமிடமாகும். 4 பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு அரைத்துச் சேர்க்கலாம். உப்பு அரை உப்பாகவே இருக்கட்டும். காயக் காயத் தண்ணீர் போய் உப்பு ஏறிவிடும். ஆறியபின் அரை மூடி எலுமிச்சைச் சாறு.

எட்டு மணிக்குள் கரண்டி கரண்டியாக ஊற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை இதுதான், அவசரப்படுத்தாதீர்கள். வேட்டியில் ஊற்றினால் மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரியுங்கள். பிறகு திருப்பிப்போட்டு இரண்டு நாள் வெயில். வளையாமல் படக்கென்று ஒடிந்தால் டப்பாவில் போடலாம்.

கே: புதுப் பானையில் தண்ணீர் குளிரவே இல்லையே?
– வாசகர், சென்னை

ப: பெயின்ட் அடித்த பானையா? நுண்துளைகள் அடைபட்டால் நீர் கசிந்து ஆவியாகாது, குளிராது. பெயின்ட் இல்லாத பானையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈர மணல்மேல், காற்று வரும் நிழலில் வையுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மதுரையில் பானை தரும் குளிர்ச்சியைச் சென்னையில் எதிர்பார்க்க முடியாது.