மூலிகைப் பானப் பொடி பாக்டீரியாவை வளர்க்குமா?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. ஒரு மாதமாக மூலிகைச் சத்துபானப் பொடி ஒன்றை ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்கிறார். 200 கிராம் டப்பா 480 ரூபாய். 'குடலில் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கும்' என்று முன்பக்கம் போட்டிருக்கிறது. காலையில் வயிறு சுத்தமாகப் போகிறது, பாக்டீரியா வேலை செய்கிறது என்கிறார். தொடர்ந்து வாங்கலாமா? லேபிளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, கோவில்பட்டி

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக்டீரியா வேலை செய்கிறது என்று அவர் சொல்வது சரிதான். ஆனால் அது பொடி வளர்த்த பாக்டீரியா இல்லை, ஏற்கெனவே அவர் குடலில் இருப்பது.

பட்டியலில் நான்காவதாக நிலவாகை இலை 4 சதவீதம் என்று இருக்கிறது பாருங்கள். உங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் விளைந்து வெளிநாடு போகிற சரக்குதான். அங்கே அவுரி என்றும் சொல்வார்கள் (தலைமுடிக்குப் பூசும் நீல அவுரி வேறு). அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்கே பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் பேதி மருந்தாகிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி குடித்தால் காலையில் போவது அதனால்தான். மருந்துக்கடையில் விற்கும் மலச்சிக்கல் மாத்திரைகள் சிலவற்றிலும் இதேதான் இருக்கிறது.

இதை மாதக்கணக்கில் தினமும் குடிப்பது நல்லதில்லை. உடம்பில் பொட்டாசியம் குறையலாம். அவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ இதயத்துக்கு மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால், இப்போதே பொடியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள்.

அப்புறம், பாக்டீரியாவைப் பெருக்கும் சங்கதி. அந்தப் பட்டியலில் அதற்கு உரிமை கொண்டாடக்கூடியது சிக்கரி நாரான இன்யூலின்தான். பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியா வகைக்கு அது நல்ல தீனி, சந்தேகமில்லை. ஆனால் அளவு வேண்டுமே! ஐரோப்பாவில் சிக்கரி இன்யூலின் மலம் கழிக்க உதவும் என்று லேபிளில் எழுத, நாளுக்கு 12 கிராம் உள்ளே போக வேண்டும். உங்கள் பொடியில் 5 சதவீதம், ஒரு ஸ்பூன் 10 கிராம், ஆக அரை கிராம். 12 கிராம் கிடைக்க 24 ஸ்பூன், அதாவது 240 கிராம் பொடி வேண்டும். டப்பாவே 200 கிராம்தான்.

பட்டியலில் இருக்கும் கடுக்காய், நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருளையும் குடல் பாக்டீரியா யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும். ஆனால் அந்த வகை பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை.

முதலிடத்தில் இருப்பது நாட்டுச் சர்க்கரை. எடையில் அதிகமானதுதான் முதலில் வரும் என்பது லேபிள் விதி. மூலிகைப் படம் போட்ட டப்பாவில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அதைத்தான். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கும் மயங்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதால், 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை எடுக்கச் சொன்னது மத்திய அரசு.

வாங்க வேண்டாம் என்பதே என் பதில். சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் இன்யூலின் வகை நார் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கூடவே சமையலில் சேருங்கள். முன்பக்க வாசகம் ஏமாற்று என்று தோன்றினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். டப்பாவையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.