சொந்தக் கட்சி எம்.பி.க்களே தலைவரை இறக்க முடியுமா?

கேள்வி இதுதான்: பிரதமராக இருப்பவரையே அவர் கட்சி எம்.பி.க்கள் தலைவர் பதவியிலிருந்து நீக்க முடியுமா, அதற்கு விதி என்ன?

முடியும். ஆனால் விதி கட்சிக்குக் கட்சி மாறும்.

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியைப் பாருங்கள். 2022-இல் இருந்த விதிப்படி, 15 சதவீத எம்.பி.க்கள் நம்பிக்கையில்லை என்று அந்தக் கட்சியின் பின்வரிசை எம்.பி.க்கள் அமைப்பான '1922 குழு'வின் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும். அப்போது 359 எம்.பி.க்கள்; தேவைப்பட்டது 54 கடிதம். எத்தனை சேர்ந்தது என்பது அந்தக் குழுத் தலைவருக்கு மட்டுமே தெரியும். இந்த ரகசியம்தான் விதியின் உயிர் என்பேன். பெயர் வெளியே வரும் என்றால் பலர் கையெழுத்தே போட மாட்டார்கள். அந்த ஜூனில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 211-148 என்று தப்பினார். ஜெயித்தவருக்கு ஓராண்டுப் பாதுகாப்பு உண்டு, அதற்குள் மறு வாக்கெடுப்பு கிடையாது. இருந்தும் அடுத்த மாதமே அமைச்சர்கள் வரிசையாக விலக, அவரும் விலகுவதாக அறிவித்தார்.

கனடாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு கட்சியின் 20 சதவீத எம்.பி.க்கள் எழுதிக் கேட்டால் தலைவர் மீது ரகசிய வாக்கெடுப்பு. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அந்தந்தக் கட்சி எம்.பி.க்கள் அதை ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். 2022 பிப்ரவரியில் அங்கே எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எரின் ஓ'டூல் 73-45 என்று பதவி இழந்தது இப்படித்தான்.

சரி, தலைவரைத் தேர்ந்தெடுப்பது? ஆஸ்திரேலிய லேபர் கட்சியில் 2013 முதல் வாக்கு மதிப்பில் கட்சி உறுப்பினர்களுக்குப் பாதி, எம்.பி.க்களுக்குப் பாதி. அந்த ஆண்டே அல்பனீஸி, ஷார்ட்டன் என்ற இருவர் போட்டியிட, உறுப்பினர்கள் அல்பனீஸியை விரும்பினார்கள், எம்.பி.க்கள் ஷார்ட்டனை, கூட்டிப் பார்த்தபோது ஷார்ட்டன் ஜெயித்தார்.