மனச்சோர்வு மாத்திரையின் முதல் வாரங்கள்: கேள்வியும் பதிலும்

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் புதிதாக மாத்திரை தொடங்கியவர்களும் அவர்களுடைய வீட்டாரும் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு, மனநலப் பிரிவில் நெடுங்காலமாகச் செவிலியராக இருக்கும் நான் பதில் எழுதுகிறேன். மருந்தையோ அளவையோ மாற்றும் பொறுப்பு உங்களைப் பரிசோதித்த மருத்துவருடையது. எந்தத் தொல்லை தானாக அடங்கும், எதை அன்றே சொல்லியாக வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதே என் வேலை.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்: எஸ்சிட்டலோபிராம் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. காலையில் கஞ்சியைக் கண்டாலே குமட்டுகிறது. வயிறும் இளகிப் போகிறது. மனமோ கொஞ்சமும் தேறவில்லை. நிறுத்திவிடலாமா சிஸ்டர்?

நிறுத்த வேண்டாம். இந்த வகை மருந்துகள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியே வேலை செய்கின்றன. நம் உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது என்பதால், மனம் உணர்வதற்கு முன்பே வயிறு உணர்ந்துவிடுகிறது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலோருக்கு ஒன்று, இரண்டு வாரங்களில் அடங்கிவிடும். மனநிலையில் மாற்றம் தெரிவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்; முழுப் பயனைக் கணிக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். ஆகவே, தொல்லை மட்டும் இருந்து பலன் இல்லாத ஓர் இடைவெளி பலருக்கும் வருகிறது. மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் பையிலிருந்து, மூன்று மாத்திரை மட்டும் பிரிக்கப்பட்டு ஏழும் அப்படியே இருக்கும் அட்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பலன் தொடங்கும் முன்பே விட்டுவிட்டாரே என்று.

வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்ட உடனே போடுங்கள். காலையில் குமட்டல் கடுமையாக இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, இரவு உணவுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதல் பத்து நாளுக்குப் பொரித்த மீனையும் தேங்காய் அதிகம் அரைத்த குழம்பையும் குறைத்து, கஞ்சியும் பயறும் சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிடுங்கள். வயிறு இளகுவதால் தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, வயது 20: பதற்றத்துக்காகச் செர்ட்ரலின் கொடுத்தார்கள். போட்டபின் படபடப்பு முன்பைவிடக் கூடிவிட்டது. இரவில் தூக்கமும் இல்லை. மருந்து எனக்குச் சேரவில்லையா அக்கா?

சேரவில்லை என்று இப்போதே முடிவு செய்ய முடியாது தங்கச்சி. பதற்ற நோய் உள்ளவர்களுக்கு முதல் சில நாள்களில் படபடப்பு ஏறுவது தெரிந்த செய்தி. அதனால்தான் பல மருத்துவர்கள் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50 ஆக்குகிறார்கள். உனக்கு எந்த அளவில் தொடங்கினார்கள் என்று சீட்டைப் பார்த்து, அவர்களிடம் பேசு. மாத்திரையைக் காலையில் போடு. மதியத்துக்கு மேல் தேநீரும் காப்பியும் வேண்டாம். சில நாளுக்கு மட்டும் பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாம் போன்ற ஒன்றை மருத்துவர் சேர்த்துத் தரக்கூடும். அது பழக்கமாகிவிடக்கூடிய மருந்து என்பதால், வேறு யாருடைய சீட்டையும் காட்டி வாங்காதே.

உன் வயதைப் பார்த்தபோது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இளம் வயதினரிடம் இம்மருந்துகளின் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் தோன்றவோ கூடவோ வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை விரித்தது. மருந்தை மறுப்பதற்கு இது காரணமில்லை, ஏனெனில் சிகிச்சையில்லாத மனச்சோர்வே பெரிய ஆபத்து. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது நீ மாத்திரை போடுவது தெரிந்திருக்க வேண்டும். உட்காரவே முடியாமல் கால்கள் துடித்து நடந்துகொண்டே இருக்கத் தோன்றினால், அன்றே மருத்துவரிடம் சொல். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதே. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எண்ணம் வலுத்தால் வீட்டாரோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்துவிடு. தூக்கமே வேண்டாதபடி உற்சாகம் பொங்கி, ஓயாமல் பேசத் தோன்றினாலும் அது குணமானதற்கு அடையாளம் அல்ல; அதையும் உடனே சொல்ல வேண்டும்.

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி: இரவு பத்தரைக்கு மிர்ட்டாசபின் போடுகிறேன். விடியுமுன் வெட்டுக்குப் போக வேண்டும். கண் திறக்கவே முடியவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது. இடையில் கொஞ்சம் குடித்தால் பரவாயில்லையா?

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: குடிக்கக்கூடாது அண்ணே. மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் பெருகும். மனச்சோர்வும் மதுவால் ஆழமாகும். குடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், அதுவும் தவறு.

மிர்ட்டாசபின் தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து. தூக்கம் கெட்டவர்களுக்கு அதற்காகவே தருவதும் உண்டு. பத்தரைக்குப் போட்டு மூன்று, மூன்றரைக்கு எழுந்தால், மருந்தின் மயக்கம் தெளியுமுன்பே எழுகிறீர்கள். உங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரவு எட்டு மணிக்கே போடத் தொடங்குங்கள். காலை மயக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். அதுவரை வெட்டை வேறொருவர் பார்த்துக்கொள்ளவோ, நன்றாக விடிந்தபின் தொடங்கவோ முதலாளியிடம் கேளுங்கள். பால் குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கையில் கூர்மையான கத்தியோடு, மழையில் வழுக்கும் சரிவில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குப் பைக்கில் போவதும் அப்படியே. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். பனை ஏறுகிறவர்களும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களும் தலைசுற்றல் முற்றிலும் நின்றபின்தான் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். இந்த மாத்திரை பசியையும் கூட்டும் என்பதால் மாதம் ஒரு முறை எடை பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. எஸ்சிட்டலோபிராம் தொடங்கி இரண்டு வாரத்தில் தலைவலி, தளர்ச்சி. நேற்று அடுக்களை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்று, பேரனை என் பெயரால் கூப்பிட்டார். வயதாவதால் இப்படியா?

வயதின் மேல் போடாதீர்கள். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களிடம், அதுவும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரிக்கும் மருந்து கலந்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களிடம், இந்த வகை மருந்து இரத்தத்தில் சோடியம் அளவைக் குறைத்துவிடக்கூடும். இது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே நேர்கிறது. தலைவலி, தள்ளாட்டம், ஆள் தெரியாத குழப்பம் என்று வரும். முற்றினால் வலிப்பும் வரலாம். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். குறைந்த சோடியத்தை அளவறிந்து மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், அது மருத்துவமனையில் செய்யும் வேலை. அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ இருந்தால் அதையும் காட்டுங்கள். இவற்றோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனால் அதுவும் அவசரமே.

குளச்சலிலிருந்து, பெயர் சொல்ல விரும்பாதவர்: வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறேன். மாத்திரை தொடங்கியபின் தாம்பத்தியத்தில் சிரமம். மருத்துவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

எழுதிக் கேட்டீர்களே, அதுவே போதும். இம்மருந்துகளில் ஆசை குறைவதும் உச்சம் தாமதமாவதும் ஆண் பெண் இருவருக்கும் அடிக்கடி வருகிற விளைவுகள். குமட்டலைப் போல இது தானே மறையும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும் என்பதால், தொடங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்பதையும் மருத்துவர் கேட்பார். அளவைக் குறைப்பது, மிர்ட்டாசபின், புப்ரோபியான் போன்ற வேறு மருந்துக்கு மாறுவது என்று அவர் கையில் வழிகள் உண்டு. வாயால் சொல்ல முடியாவிட்டால், இங்கே எழுதியதைப் போல் இரண்டு வரி எழுதி நீட்டுங்கள். கடைகளில் கேட்காமலே தரும் வீரிய மாத்திரைகளை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அவை உயிருக்கே ஆபத்து. மனைவியிடம் இது மருந்தால் வந்தது என்று சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் அவர் வேறு காரணம் தேடி வேதனைப்படுவார்.

கருங்கல்லிலிருந்து ஒரு தாய்: நான்கு மாதக் குழந்தைக்குப் பாலூட்டுகிறேன். செர்ட்ரலின் போடலாமா?

பாலூட்டும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் முதலில் நினைக்கும் மருந்துகளில் ஒன்று அது. பாலில் மிகச் சிறிய அளவே சேர்கிறது. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ, ஓயாமல் அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருவட்டாறிலிருந்து ஒருவர்: வர்ம வைத்தியரிடம் எண்ணெயும் லேகியமும் வாங்குகிறேன். சளிக்கும் தலைவலிக்கும் கடையில் மாத்திரை வாங்குவதும் உண்டு. எல்லாம் சேர்ந்து போகுமா?

வர்ம ஆசானிடம் இந்த மாத்திரையைப் பற்றியும், மருத்துவரிடம் லேகியத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளுக்குச் சாப்பிடுவதில்தான் கவனம் வேண்டும்; அமுக்கரா (அசுவகந்தா) சேர்ந்தவை மயக்கத்தைக் கூட்டக்கூடும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் செரட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிடக்கூடியவை. நடுக்கம், மிகுந்த வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர்: சீட்டை வாங்கிவந்தும் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது என்கிறார்களே?

முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, குணமானபின் ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மதுவைப் போல இதன்மேல் ஏக்கம் பிறப்பதில்லை. ஆனால் சட்டென்று விட்டால், குறிப்பாகப் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில், தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வும் எரிச்சலும் வரும். இதைக் கண்டுதான் விடவே முடியாத மருந்து என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆகவே அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இரண்டாவது வாரத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளை முதல் மாத்திரை போடும் முன்பே கேட்டு, நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.